பிக்கப் வண்டியின் டிரைவ்ஷாஃப்ட்: சத்தத்தைப் பிரித்தறிவது முதல் கிராஸ் மாற்றுவது வரை

பிக்கப் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து பின்அச்சு வரை ஒரு நீண்ட இரும்புக் குழாய் போவது தெரியும். அதுதான் டிரைவ்ஷாஃப்ட். பட்டறைகளில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்றும் சொல்வார்கள். பின்சக்கரங்களுக்குப் போகும் சக்தி முழுவதும் இந்த ஒரே குழாய் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் சர்வீஸின்போது அதிகம் மறக்கப்படும் பாகமும் இதுதான். இன்ஜின் ஆயில் மாற்றுகிறவர், பிரேக் பார்க்கிறவர், டயரைத் தட்டிப் பார்க்கிறவர் பலரும் ஷாஃப்டில் இருக்கும் கிரீஸ் நிப்பிளை, அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனையை, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் கோளாறு வந்தால், பழுது பார்ப்பதைவிடப் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். டயர், வீல் பேரிங், டிஃபரென்ஷியல் (பின்அச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டி), கிளட்ச், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் என எல்லாமே கிட்டத்தட்ட இதே மாதிரி சத்தமும் அதிர்வும் தரக்கூடியவை. சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது. ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

கியர்பாக்ஸ் சேஸிஸுடன் பொருத்தப்பட்டிருக்கிறது. பின்அச்சு பட்டை ஸ்பிரிங்குகளில் தொங்கியபடி பள்ளம் மேடுகளில் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம் மாறிக்கொண்டே இருக்கும், தூரமும் கொஞ்சம் மாறும். கோணம் மாறுவதைச் சமாளிக்க, ஷாஃப்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயிண்ட்கள் இருக்கின்றன. தூரம் மாறுவதற்கு, ஸ்பிளைன் எனப்படும் நீளவாட்டுப் பற்களின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும் ஸ்லிப் யோக் இருக்கிறது.

யூனிவர்சல் ஜாயிண்டின் நடுவே கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு உண்டு. பொதுவாக அதைக் கிராஸ் என்கிறார்கள். அதன் நான்கு கால்களிலும் நான்கு கப்கள். ஒவ்வொரு கப்பின் உட்புறமும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக நிற்கின்றன. இரண்டு கப்கள் ஒரு யோக்கிலும் (இரண்டு காதுகள் கொண்ட கவை போன்ற பாகம்), மற்ற இரண்டு எதிரே இருக்கும் யோக்கிலும் உட்கார்ந்திருக்கும். கப் வெளியே வந்துவிடாதபடி, பள்ளத்தில் பொருந்தும் சர்க்ளிப் என்ற எஃகு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் சர்க்ளிப்புக்குப் பதிலாக, தொழிற்சாலையிலேயே பிளாஸ்டிக் உருக்கி ஊற்றியோ யோக்கின் விளிம்பை அடித்து மடக்கியோ பூட்டியிருப்பார்கள். அந்த வகையை வீட்டில் கழற்ற முயல வேண்டாம்.

நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். ஒரே நீளக் குழாயாக இருந்தால் அதிவேகத்தில் அது நடுவில் வளைந்து சுழலத் தொடங்கும் என்பதே காரணம். இரண்டு துண்டும் சேரும் இடத்தை, ரப்பருக்குள் பதிந்த சென்டர் பேரிங் சேஸிஸோடு தாங்குகிறது.

இந்த ஜாயிண்டுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், கோணத்தில் வேலை செய்யும்போது வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்றத்தாழ்வு 0.15 சதவீதத்துக்கும் கீழே, பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 டிகிரியில் சுமார் 1.5 சதவீதம் ஆகிவிடும். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தாண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த ஜாயிண்ட் இது. 1903-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிகளுக்கான வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது. முன் ஜாயிண்ட் செய்யும் ஏற்றத்தாழ்வைப் பின் ஜாயிண்ட் எதிர்த்திசையில் செய்து சமன்படுத்துகிறது, அவ்வளவுதான். இது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: இரு ஜாயிண்ட்களின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கழற்றி மாட்டுகிறவர்கள் கெடுத்து வைப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

சத்தம் எப்போது வருகிறது?

‘கடகட’, ‘கீச்’, ‘ஊம்’ என்று சத்தத்தை வர்ணிப்பதால் பெரிய பயன் இல்லை. அது எந்தத் தருணத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கியர் போட்டுக் கிளட்சை விடும்போதா, ஆட்டோமேட்டிக் வண்டியில் முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதா, ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதா? இம்மூன்றிலும் ‘டங்’ என்று ஓர் இரும்புத் தட்டல் வந்தால், சக்தி போகும் பாதையில் எங்கோ தளர்வு இருக்கிறது என்று பொருள். தேய்ந்த கிராஸ் முதல் சந்தேகம். ஷாஃப்டைப் பின்அச்சோடு இணைக்கும் தட்டையான ஃபிளேஞ்சின் போல்ட் தளர்ந்திருப்பது, ஸ்பிளைன் தேய்வு, டிஃபரென்ஷியல் பற்களின் இடைவெளி, கிழிந்த இன்ஜின் மவுண்ட், பின்அச்சைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட் தளர்வு ஆகியவையும் அதே தட்டலைத் தரும்.

நடை வேகத்தில், சுவர் ஓரமாக ஓட்டும்போது, குருவி கத்துவது போலச் சீரான கீச்சொலி கேட்டால் ஏதோ ஒரு கப்புக்குள் கிரீஸ் வற்றிவிட்டது. பிரேக் கீச்சொலியிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. பிக்கப் வண்டிகளில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்றரை முதல் நான்கரை முறை சுற்றிவிடும், ஆகவே கீச்சொலியும் அந்த அளவுக்கு விரைவாக வரும். பிரேக்கை லேசாக மிதித்தும் ஒலி மாறவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. மழையில் ஓட்டிய பிறகோ வண்டியைக் கழுவிய பிறகோ இந்த ஒலி சில நாள் நின்றுவிடுவது உண்டு. சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். தண்ணீர் உள்ளே போய்த் தற்காலிகமாக வழவழப்புத் தருகிறது, அதே தண்ணீர்தான் ஊசி உருளைகளைத் துருப்பிடிக்க வைக்கப்போகிறது.

வண்டியை நிறுத்திய மறுகணம், பின்னாலிருந்து யாரோ மெதுவாக இடித்தது போல ஒரு தள்ளல் வருகிறதா? ஸ்லிப் யோக்கின் ஸ்பிளைன் உலர்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது இறுகி நின்ற ஸ்பிளைன், வண்டி நின்றதும் சட்டென்று வழுக்கி விடுபடுகிறது. இதற்குப் பெரும்பாலும் கிரீஸ் மட்டுமே போதும்.

நிலையிலிருந்து கிளம்பும்போது மட்டும், அதிலும் பாரம் ஏற்றியிருக்கும்போது வண்டியின் தளம் நடுங்கி, வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறதா? அது சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருப்பதாலோ ஜாயிண்ட் கோணங்கள் தவறியிருப்பதாலோ இருக்கும்.

மீதி இருப்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடர்ந்து வரும் அதிர்வு. இதற்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

வேகத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது

ஆளில்லாத, நேரான, பாதுகாப்பான சாலையில் அதிர்வு வரும் வேகத்துக்குப் போங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்தோ கூட்டியோ ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுழற்சி மாறியும் அதிர்வு அதே வேகத்தில் அப்படியே இருந்தால், இன்ஜினும் கிளட்சும் விடுதலை. பிறகு அந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி ஒரு சில நொடிகள் வண்டியை உருளவிடுங்கள். சாவியை மட்டும் தொடக் கூடாது. இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். உருளும்போதும் அதிர்வு மாறாமல் இருந்தால் டயரோ, ஷாஃப்டின் சமநிலையோ காரணமாக இருக்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கூடி, விட்டால் குறைகிறது என்றால் கிராஸ் தேய்வையோ கோணத் தவறையோ சந்தேகிக்கலாம்.

டயரா ஷாஃப்டா என்பதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். டயரின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 2.36 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆக, டயர் நொடிக்கு 10 முதல் 11 முறை சுற்றுகிறது. பின்அச்சின் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு ஏறக்குறைய 43 முறை சுற்றும். நொடிக்குப் பத்து என்பது கண்ணுக்கே தெரியும் குலுக்கல்: கண்ணாடி ஆடும், கோப்பையில் இருக்கும் தண்ணீர் ததும்பும். நாற்பதுக்கு மேல் என்றால் அது குலுக்கல் அல்ல, ரீங்காரம். பாதத்திலும் இருக்கையின் அடியிலும் உணர்வீர்கள், காதிலும் விழும். குழாய் நசுங்கியதாலோ சமநிலை எடை உதிர்ந்ததாலோ வரும் அதிர்வு சுற்றுக்கு ஒன்று. கோணத் தவறால் வருவது சுற்றுக்கு இரண்டு, அதாவது நமது உதாரணத்தில் நொடிக்கு 87 அளவில். அது இன்னும் மெல்லிய ரீங்காரமாக இருக்கும். கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. கைபேசியைக் கையில் பிடிக்காமல், வண்டியின் தளத்தில் இறுக்கமாக வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொன்னால் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்பக்கமும் ஒரு ஷாஃப்ட் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பல வண்டிகளில், இரு சக்கர இயக்கத்தில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுழன்றுகொண்டுதான் இருக்கும். இன்னொன்று: இரு அச்சுகளையும் இறுக்கிப் பூட்டும் வகையான நான்கு சக்கர இயக்கத்தை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைவில் திருப்பினால் ‘டக் டக்’ என்று இழுத்துக்கொள்ளும். அது கோளாறு அல்ல. பயன்படுத்தக் கூடாத இடத்தில் பயன்படுத்துவதன் விளைவு. தொடர்ந்து அப்படி ஓட்டினால் நல்ல கிராஸும் கெட்டுப்போகும்.

அடியில் போவதற்கு முன்

சமதளமான கெட்டித் தரை வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் வண்டியின் எடைக்கு ஏற்றது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். சைலன்சர் குழாய் ஷாஃப்டின் பக்கத்திலேயே ஓடுகிறது, அது ஆறும் வரை காத்திருங்கள்.

அனுபவம் உள்ளவர்களும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியைப் ‘பார்க்’ நிலையில் நிறுத்துவதும், மேனுவல் வண்டியைக் கியரில் நிறுத்துவதும், ஷாஃப்ட் வழியாகத்தான் பின்சக்கரங்களைப் பிடித்துவைக்கின்றன. ஷாஃப்டைக் கழற்றிய அந்தக் கணமே அந்தப் பிடி போய்விடும். சில வண்டிகளில் கைபிரேக்கே கியர்பாக்ஸின் பின்முனையில் ஷாஃப்டைப் பிடிக்கும் வகையில் அமைந்திருக்கும், அவற்றில் கைபிரேக்கும் சேர்ந்து போய்விடும். பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கியிருந்தால் பின்பக்கக் கைபிரேக்கால் வண்டியைத் தரையோடு பிடித்துவைக்கவே முடியாது. எனவே கட்டை வைப்பதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

கையால் சோதிப்பது

முதலில் கண். கப்களைச் சுற்றி காவி நிறத்தில் மெல்லிய துருப்பொடி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். உள்ளே உருளைகள் உலர்ந்து அரைபடும்போது அந்தப் பொடி வெளியே வரும். கிராஸ் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. குழாயில் நசுங்கல், கல்லடி, ஒட்டியிருக்கும் காய்ந்த சேறு, சுற்றிக்கொண்ட கம்பி எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய சேறுகூட ரீங்காரத்தைத் தரும். சமநிலைக்காக ஒட்டவைக்கும் சிறு இரும்புத் தகடு உதிர்ந்திருந்தால், அந்த இடத்தில் செவ்வகமாகப் பளபளப்பான தடம் தெரியும். கியர்பாக்ஸின் பின் சீலிலும், பினியன் (ஷாஃப்ட் சுழற்றும் டிஃபரென்ஷியலின் சிறிய பற்சக்கரம்) சீலிலும் ஆயில் கசிகிறதா பாருங்கள். அதிர்ந்துகொண்டே இருக்கும் ஷாஃப்ட் சீலையும் கெடுக்கும், ஆகவே கசிவு சில சமயம் நோயல்ல, அறிகுறி.

பிறகு கை. கட்டைகள் உறுதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்டில் முறுக்கு இருந்தால் தேய்ந்த கிராஸ்கூட இறுகி நல்லது போல நடிக்கும். ஜாயிண்டின் ஒருபக்க யோக்கை ஒரு கையாலும் மறுபக்கத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழும் ஆட்டுங்கள். இரண்டு யோக்குகளுக்கும் நடுவே, அதாவது கிராஸின் காலுக்கும் கப்புக்கும் இடையில், ஆட்டம் கொஞ்சமும் தெரியக் கூடாது. சிறிய நெம்புகோலைக் கப்புக்கும் யோக்குக்கும் அருகே வைத்து மெதுவாக நெம்பினால் கைக்குத் தட்டுப்படாத ஆட்டமும் வெளியே வரும். சீலைக் கிழித்துவிடாதீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். ஷாஃப்டைத் திருப்பினால் முழு ஷாஃப்டும் கொஞ்சம் இடமும் வலமும் ஆடும், ‘டிக் டிக்’ என்று சத்தமும் வரும். ஜாயிண்டின் இரு பக்கமும் ஒன்றாகவே நகர்ந்தால் அது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பல் இடைவெளி. ஓரளவு இருப்பது இயல்பு. ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் அசையாமல் இருந்தால்தான் கிராஸ் குற்றவாளி.

சென்டர் பேரிங் இருந்தால், அதன் அருகே ஷாஃப்டைப் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பது சரி. ரப்பர் கிழிந்து தொங்கினாலோ, பேரிங் கரகரவென்று சுழன்றாலோ மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தளர்ந்த கிராஸைக் கை காட்டிக்கொடுக்கும், இறுகிய கிராஸைக் காட்டாது. நீண்ட காலம் ஒரே கோணத்தில் ஓடிய ஜாயிண்டில் ஊசி உருளைகள் கிராஸின் கால்களில் வரிவரியாகப் பள்ளம் பதித்துவிடும். ஆட்டம் இருக்காது, அதிர்வு மட்டும் இருக்கும். ஷாஃப்டைக் கழற்றி ஜாயிண்டை விரலால் இரு திசையிலும் மடக்கிப் பார்த்தால்தான் தெரியும்: நடுவில் வரும்போது ‘சொடுக்’ என்று ஓரிடத்தில் பிடித்து நிற்கும். அறிகுறிகள் எல்லாம் ஷாஃப்டைக் காட்டுகின்றன, அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை என்றால், கழற்றிப் பார்ப்பதில் தயங்க வேண்டாம்.

கிரீஸ் அடிப்பது

கிராஸில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிக்கலாம். இல்லையென்றால் அது மூடிய வகை, கெட்டால் மாற்றுவது மட்டுமே வழி. ஒழுங்காகக் கிரீஸ் அடிப்பவருக்கு நிப்பிள் உள்ளது நல்லது, அடிக்காதவருக்கு மூடியதே நல்லது என்பது என் கருத்து. நிப்பிள் இருந்தும் கிரீஸே காணாத கிராஸ்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் போகிறது.

நிப்பிளின் தலையைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் மணலும் சேர்ந்து பேரிங்குக்குள் போகும். கிராஸுக்குப் பொதுவாக லித்தியம் அடிப்படையிலான இரண்டாம் எண் கிரீஸ். ஸ்பிளைனுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸைப் பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. கிரீஸ் கன்னால் மெதுவாக அழுத்துங்கள். பழைய கறுத்த கிரீஸ் வெளியேறி, நான்கு கப்களின் ஓரத்திலும் புதிய கிரீஸ் தலைகாட்ட வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், ஷாஃப்டைச் சற்றுத் திருப்பியும் மேலும் கீழும் அசைத்தும் மறுபடி முயலுங்கள். அப்போதும் வராத கப்பில் உருளைகள் உலர்ந்தே ஓடுகின்றன, அந்தக் கிராஸ் நெடுநாள் தாங்காது. வெளியே வரும் கிரீஸ் காவி நிறமாகவோ பால் கலந்தது போலவோ இருந்தால் உள்ளே துருவும் தண்ணீரும் இருக்கின்றன.

ஸ்லிப் யோக்குக்கு வேறு அளவு. அங்கே கண்மூடித்தனமாக அடித்தால் உள்ளே நிறைந்த கிரீஸ் ஷாஃப்டைச் சுருங்க விடாமல் தடுத்து, அந்த அழுத்தத்தைக் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல் தள்ளும். சீல் ஓரத்தில் லேசாகத் தென்பட்டதும் நிறுத்திவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதைக் கையேட்டில் பாருங்கள். சக்கரத்தின் அச்சு வரை தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது, அன்றே அடித்துவிட வேண்டும்.

கழற்றுவதும் கிராஸ் மாற்றுவதும்

கழற்றுவதற்கு முன் பெயின்டால் அடையாளம் போடுங்கள். பின் ஃபிளேஞ்ச் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு, ஸ்லிப் யோக்கிலும் ஷாஃப்டிலும் ஒரு கோடு, இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சேருமிடத்திலும் ஒன்று. ஒரு ஸ்பிளைன் பல் தள்ளி மாட்டினாலும் யோக்குகள் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும், முன்பு இல்லாத அதிர்வை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

பின் ஃபிளேஞ்ச் போல்ட்களை முதலில் கழற்றி, ஷாஃப்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டால் மறுமுனை ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கிக் கெடும். கப்கள் பட்டையால் பிடிக்கப்பட்ட வகையாக இருந்தால், பட்டையைக் கழற்றியதும் டேப் சுற்றுங்கள். கப் விழுந்து ஊசிகள் மண்ணில் சிதறினால் அந்தக் கிராஸை மறந்துவிட வேண்டியதுதான். முன்முனை கியர்பாக்ஸுக்குள் நுழையும் வகை என்றால், உருவியதும் ஆயில் வழியும். அடியில் தட்டு வைத்து, துளையை அடைத்து வையுங்கள். வழிந்ததை அளந்து பிறகு நிரப்ப வேண்டும்.

மேசையில் வைத்ததும் எல்லாச் சர்க்ளிப்பையும் எடுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. சர்க்ளிப் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். வைஸில் (மேசைப் பிடிப்பான்) ஒருபக்கம் கப்பைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் கப் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து மெல்ல இறுக்கினால், ஒரு கப் உள்ளே தள்ளப்பட்டு எதிர்க் கப் வெளியே வரும். வைஸைக் குழாயில் ஒருபோதும் இறுக்காதீர்கள், யோக்கில்தான் பிடிக்க வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடிப்பதும் பலர் செய்யும் வேலைதான், வேலை முடியவும் செய்யும். ஆனால் யோக்கின் காதுகள் ஒரு மயிரிழை விரிந்தாலும் புதுக் கிராஸ் நேராக உட்காராது.

துளைகளைத் துடைத்து, சர்க்ளிப் பள்ளத்தைக் கம்பியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். புதுக் கப்பை அந்தத் துளையில் வைத்துப் பாருங்கள். அழுத்தாமல் கையாலேயே உள்ளே சறுக்கினால் துளை தேய்ந்துவிட்டது, யோக்கையே மாற்ற வேண்டும். கிராஸை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மறுபடி அதே தட்டல் கேட்கும்.

மாட்டும்போது பொறுமை வேண்டும். கப்புக்குள் ஊசிகள் கிரீஸில் ஒட்டி நிற்கின்றன. ஒன்று சாய்ந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக உள்ளே போகாது, சர்க்ளிப் பள்ளம் தெரியாது. அந்த நேரத்தில் இன்னும் பலமாக இறுக்கத் தோன்றும். வேண்டாம், கழற்றிப் பாருங்கள். கிராஸின் காலைக் கப்புக்குள் பாதி நுழைத்துப் பிடித்தபடியே கப்பை அழுத்தினால் ஊசிகள் சாய இடமிருக்காது. நிப்பிள், வண்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் கன் எட்டும் திசையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடைசிச் சர்க்ளிப்பையும் போட்டபின் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு.

எல்லாம் பூட்டியபின் ஜாயிண்டை மடக்குங்கள். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதுகளில் மென்தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், கப்கள் சர்க்ளிப்பில் போய் அமர்ந்து ஜாயிண்ட் இளகும். தன் எடையிலேயே தொப்பென்று விழவும் கூடாது, இரு கையால் மல்லுக்கட்டவும் கூடாது. விரல் அழுத்தத்தில் சீராக மடங்க வேண்டும்.

குழாய் நசுங்கியிருந்தாலோ வளைந்திருந்தாலோ வீட்டு வேலை இங்கே முடிகிறது. அதைச் சமநிலைப்படுத்தும் இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கோணம் சரியா?

கிராஸ் புதிது, குழாய் நேரானது, அதிர்வு மட்டும் போகவில்லை என்றால் கோணத்தை அளக்க வேண்டும். பின்பக்கத்தை உயர்த்தியவர்களும், ஸ்பிரிங்கில் பட்டை கூட்டியவர்களும், கியர்பாக்ஸ் மவுண்ட் உட்கார்ந்துபோன பழைய வண்டிக்காரர்களும் இதை முதலிலேயே அளப்பது நல்லது. வண்டி சக்கரங்களில் நிற்க வேண்டும், வழக்கமாக ஏற்றும் பாரமும் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டிய கோணமானி போதும். கியர்பாக்ஸின் பின்முனை அச்சு, ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் பின்னோக்கி 4 டிகிரி சரிகிறது, ஷாஃப்ட் 6.5 டிகிரி சரிகிறது, பினியன் அச்சும் கியர்பாக்ஸுக்கு இணையாக 4 டிகிரி என்றால், முன் ஜாயிண்ட் கோணம் 2.5, பின் ஜாயிண்டும் 2.5. இது நல்ல அமைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாமல் இருப்பது நல்லது. முற்றிலும் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது: கோணமே இல்லாவிட்டால் ஊசி உருளைகள் உருளாது, ஒரே இடத்தில் நின்று பள்ளம் பதிக்கும். கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு ஜாயிண்ட்கள் அடுத்தடுத்துச் சேர்ந்த இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பினியன் நேராக ஷாஃப்டை நோக்கியிருக்க வேண்டும்.

திருத்துவதற்கு, பின்அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் ஆப்புத் தகடுகள் கிடைக்கின்றன. எஃகுத் தகடே வாங்குங்கள், மென்மையான அலுமினியத் தகடு பாரத்தில் நசுங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

திரும்ப மாட்டிய பிறகு

அடையாளக் கோடுகளைச் சேர்த்து மாட்டுங்கள். ஃபிளேஞ்ச் முகங்களில் துருவோ பெயின்டோ ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள், மெல்லிய படலம்கூட ஷாஃப்டை மையம் விலகச் செய்யும். கப் பிடிக்கும் பட்டைகளின் போல்ட்களைப் புதிதாகப் போடுவதே சரி. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். இங்கே உத்தேசம் வேண்டாம். ஓடும்போது முன்முனை கழன்று தரையில் குத்தினால், அந்த ஷாஃப்ட் வண்டியின் பின்பக்கத்தையே நெம்பித் தூக்கக்கூடியது.

கியர்பாக்ஸ் ஆயிலைச் சரிபாருங்கள். கட்டைகளை எடுத்து, முதலில் மெதுவாக, பிறகு முன்பு அதிர்வு வந்த அதே வேகத்தில் ஓட்டுங்கள். சில நாள் ஓடியபின் போல்ட்களை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஓட்டிவிட்டு வந்ததும் இன்ஜினை அணைத்து, கட்டை வைத்து, சைலன்சரில் படாமல் ஒவ்வொரு ஜாயிண்டின் கப்களையும் புறங்கையால் மெல்ல நெருங்கித் தொட்டுப் பாருங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் சுட்டால் அந்தக் கப் இறுகியிருக்கிறது அல்லது அதற்குள் கிரீஸ் போகவில்லை. அதை மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் கழற்றிப் பாருங்கள்.